வாடகை ஏறியது! சட்னியில் காரம் இறங்கியது!

மெக்சிகோ நகரத்து மெஸ் சாப்பாட்டுக்கு வந்த சோதனை

2025 ஜூலை 4-ந் தேதி, வெள்ளிக்கிழமை. மெக்சிகோ நாட்டின் தலைநகரமான மெக்சிகோ நகரத்தில் கொந்தேசா, ரோமா என்று இரண்டு பேட்டைகள். மரங்களும் பூங்காவும் பழைய மாடி வீடுகளுமாகப் பார்க்க லட்சணமான ஏரியாக்கள். அன்று அங்கே ஓர் ஊர்வலம் கிளம்பியது. கையில் அட்டை, வாயில் கோஷம். ஆரம்பத்தில் அமைதியாகத்தான் போனது.

கொஞ்ச நேரத்தில் முகத்தை மூடிய சில ஆசாமிகள் புகுந்தார்கள். கடைக் கண்ணாடிகள் சலசலவென நொறுங்கின. 'மெக்சிகோவை விட்டுப் போ' என்று கண்ணாடியில் பெயிண்டால் கிறுக்கினார்கள். வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். கூட்டம் அமெரிக்கத் தூதரகம் வரை போய்க் கோஷம் போட்டது.

என்ன கோபம்? வீட்டு வாடகைதான்! டாலரில் சம்பளம் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து குடியேற, வாடகை விண்ணுக்கு ஏறிவிட்டது. பரம்பரையாக இருந்தவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். இது முதல் புகார்.

கூடவே இன்னொரு புகாரும் அந்த ஊரில் பல நாளாக உலவுகிறது. கடைகளில் சட்னி முன்னே மாதிரி காரமாக இல்லையாம். வெள்ளைக்காரர் நாக்கு தாங்காது என்று மிளகாயைக் குறைத்துவிட்டார்களாம்.

"அட, சட்னிக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சிரிக்காதீர்கள். நீங்கள் தினமும் சாப்பிடுகிற மெஸ்ஸில், வேறு யாருக்காகவோ ரசத்தில் மிளகை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு விலையையும் ஏற்றினால் சும்மா இருப்பீர்களா? அந்த ஊர்க்காரர் கோபமும் அப்படித்தான். அது புரிய வேண்டுமானால் அங்கே போய் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாருங்கள், போவோம்.

போண்டா அல்ல, ஃபோண்டா!

தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு அங்கே 'ஃபோண்டா' என்று பெயர். காதில் போண்டா மாதிரி விழும். ஆனால் விஷயம் நம்ம மெஸ்ஸேதான்! பத்துப் பன்னிரண்டு மேசை. மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு. சுவரில் ஒரு டி.வி. பெரும்பாலும் குடும்பத் தொழில். அடுப்படியில் அம்மா, கல்லாவில் மகள் என்று ஓடும்.

வாசலில் அட்டையில் கையால் எழுதிய போர்டு தொங்குகிறது: 'கொமிதா கொரிதா'. 'ஓடி வரும் சாப்பாடு' என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மொத்தத்துக்கும் ஒரே விலை.

அந்த ஊரில் பெரிய சாப்பாடு பகல் 12 மணிக்கு இல்லை. 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் கூட்டம். ஆபீஸ் குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, டாக்சி டிரைவர், போலீஸ்காரர் எல்லாரும் வந்து உட்காருகிறார்கள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் மேசையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் ஒரு கிண்ணம் சூப். கோழிச் சாறோ, சேமியா போட்டதோ, சுடச்சுட வரும். இரண்டாவது ஐட்டத்தின் பெயர் 'உலர்ந்த சூப்'. சூப் எப்படி ஐயா உலரும் என்று கேட்கிறீர்களா? அது சோறு! தக்காளி விட்டு வதக்கிய சோற்றுக்குத்தான் அந்தப் பெயர். சில நாள் சோற்றுக்குப் பதில் மக்ரோனி.

மூன்றாவதுதான் முக்கிய ஐட்டம். போர்டில் நாலைந்து எழுதியிருக்கும். அதில் ஒன்றைக் கேட்கலாம். கோழியை நார்நாராகப் பிய்த்து, புகை போட்ட மிளகாயோடு வதக்கியது ஒன்று. பெரிய பச்சை மிளகாய்க்குள் பாலாடைக்கட்டியை அடைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்தது இன்னொன்று. கூடவே குழைய வேகவைத்த பீன்ஸ் பருப்பு. கடைசியில் கையளவு ஜெல்லியோ, பால் சோறோ வரும்.

குடிக்க ஒரு ஜாடி 'அகுவா'. அகுவா என்றால் தண்ணீர்தான். ஆனால் பழத்தையோ பூவையோ கரைத்த இனிப்புத் தண்ணீர். ஒரு நாள் எலுமிச்சை. ஒரு நாள் நம்ம புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் பூ. இன்னொரு நாள் புளி! ஆமாம், சாட்சாத் நம்ம புளித் தண்ணீர்தான். சர்க்கரை போட்டுக் கொடுக்கிறார்கள்.

மேசைமேல் கேட்காமலே இரண்டு கிண்ணம் சட்னி இருக்கும். 'சால்சா' என்பார்கள். ஒன்று சிவப்பு, காய்ந்த மிளகாயில் அரைத்தது. மற்றது பச்சை. அதில் விழுவது தக்காளி அல்ல. காகித உறை போர்த்திய பச்சைக் காய். நம்ம ஊர் வேலியோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் சொந்தக்காரன். அந்தப் பச்சைக் கிண்ணத்தைப் பார்த்து ஏமாந்தவர் பலர். சாதுவாக இருக்கும். தொட்டு வாயில் வைத்தால் உச்சந்தலை வியர்க்கும்!

சாப்பிட்டு எழுந்து போகிறவர் சும்மா போகமாட்டார். பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர் யாரென்றே தெரியாது. ஆனாலும் "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். 'நல்லா சாப்பிடுங்க' என்று அர்த்தம்.

சுண்ணாம்பு போட்ட சோளம்

இத்தனை ஐட்டம் இருந்தாலும் சாப்பாட்டுக்கு ராஜா ஒன்றுதான். துணியில் சுற்றிச் சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கும் 'டார்ட்டியா'. மக்காச்சோள மாவில் தட்டிய மெல்லிய ரொட்டி. ஸ்பூன் எடுக்காமல் இதையே கிள்ளி, மடித்து, அள்ளிச் சாப்பிடுகிறார்கள். இதில் கறியை வைத்து மடித்தால் அதற்குப் பெயர் 'டாக்கோ'.

இந்த ரொட்டியில் ஒரு ரகசியம் இருக்கிறது. மக்காச்சோளத்தை வெறுமனே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அந்தக் காலத்தில் அரைத்ததும் அம்மியில்தான். நம்ம அம்மிக்குக் கால் கிடையாது, அவர்கள் அம்மிக்கு மூன்று கால். வித்தியாசம் அவ்வளவே.

சுண்ணாம்பு எதற்கு? தோல் கழன்று மாவு சேர்ந்து வரும். உடம்புக்குக் கால்சியம் கிடைக்கும். அதைவிட முக்கியம், சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு வைட்டமின் சத்து வெளியே வரும். ஐரோப்பாக்காரர்கள் மெக்சிகோவிலிருந்து சோளத்தைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பு வித்தையை விட்டுவிட்டுப் போனார்கள். பலன்? சோளத்தையே நம்பி இருந்த ஏழைகளுக்கு 'பெலாக்ரா' என்ற நோய் வந்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும், கடைசியில் உயிர் போகும். இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1914 முதல் இதைத் துப்புத் துலக்கிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்று நோயே அல்ல, சாப்பாட்டுக் குறைதான் என்று காட்டினார். மெக்சிகோவின் பாட்டிமார்கள் அந்த நோய் அண்டாமலே பேரன் பேத்திகளை வளர்த்துவிட்டார்கள்!

அவர்கள் கொடுத்தது, நாம் கொடுத்தது

அந்த மேசையில் உட்கார்ந்தால் நமக்குப் புது ஊர் மாதிரியே இருக்காது. காரணம், பழைய கொடுக்கல் வாங்கல்.

மிளகாய் நம்ம சரக்கு இல்லை. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. 1500-களில் போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியா வந்தது. அதற்கு முன்பு நம்ம சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காயும் மிளகு மாதிரி உறைத்ததால் மிளகாய் ஆனது. தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. தள்ளுவண்டியில் கூவி விற்கிறார்களே சப்போட்டா, அந்தப் பெயரே மெக்சிகோவின் பழைய நவாட்டல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, நாமும் கொடுத்தோம். மாங்காய் என்ற நம்ம பக்கத்துச் சொல்தான் போர்ச்சுகீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, பிறகு 'மாங்கோ' ஆனது. மெக்சிகோக்காரர் இன்றும் மாங்கோ என்றுதான் சொல்கிறார்கள். புளிக்கு அங்கே 'தமரிந்தோ' என்று பெயர். அரபுக்காரர் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்ததிலிருந்து வந்த சொல் அது.

விலையும் கூலியும்

சரி, பில் என்ன ஆச்சு? பேட்டையைப் பொறுத்து மாறும். 2025-ல் ஒரு சாப்பாடு சுமார் 100 பெசோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பணத்தில் அப்போது 450, 500 ரூபாய்.

2025-ல் அந்த நாட்டின் பெரும்பகுதியில் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 278 பெசோ 80 சென்டாவோ. மாதம் 30 நாளுக்கு 8,364 பெசோ. அந்தக் கூலி வாங்கும் ஒரு குமாஸ்தா மாதம் 22 நாள் மெஸ்ஸில் சாப்பிட்டால் 2,200 பெசோ. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு பகல் சாப்பாட்டுக்கே சரி! அதற்கு மேல் விலை ஏறினால் வீட்டிலிருந்து டப்பாதான் கட்ட வேண்டும்.

மெஸ் நடத்தும் அம்மணிக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. 2018-ல் அந்த நாள் கூலி வெறும் 88 பெசோ 36 சென்டாவோ. ஏழு வருஷத்தில் 3 மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தொழிலாளிக்கு நல்ல செய்தி, வரவேற்க வேண்டியதே. ஆனால் பாத்திரம் தேய்க்கும் பையனுக்கும் ரொட்டி சுடும் பெண்ணுக்கும் அந்தச் சம்பளத்தைக் கல்லாவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு விலையை ஏற்றினால் வாடிக்கை ஓடும். ஏற்றாவிட்டால் கல்லா காலி. நம்ம மெஸ்காரர்கள் இதைப் படித்தால், "எங்க கதைதான் சார்" என்பார்கள்.

ரொட்டிக்காக ஊர்வலம்

அந்த மக்கள் சாப்பாட்டுக்காகத் தெருவில் இறங்கியது இது முதல் தடவை அல்ல.

2007 ஜனவரி மாதம். டார்ட்டியா விலை கிடுகிடுவென்று ஏறியது. அமெரிக்காவில் சோளத்திலிருந்து காருக்கு ஊற்றும் எத்தனால் தயாரிக்க ஆரம்பித்ததால் உலகச் சந்தையில் சோள விலை உயர்ந்திருந்தது. மெக்சிகோவில் ரொட்டிக்குப் போகும் வெள்ளைச் சோளம் பெரும்பாலும் உள்நாட்டிலேயே விளைவதுதான். அது ஏன் ஏற வேண்டும்? பதுக்கல்காரர்கள் வேலை என்று மக்கள் கொதித்தார்கள். அதிபர் கால்டரோன் கம்பெனிக்காரர்களை அழைத்துப் பேசி, கிலோ 8 பெசோ 50 சென்டாவோ என்று ஓர் உச்சவிலைக்கு ஒப்பந்தம் செய்தார். ஜனவரி 31-ந் தேதி பல்லாயிரம் பேர் தலைநகரில் ஊர்வலம் போனார்கள். 'சோளம் இல்லையேல் நாடு இல்லை' என்ற கோஷம் அந்த வருஷம் பிரபலமானது. இப்போது அதே ரொட்டி கிலோ 20 பெசோவையும் தாண்டிவிட்டது.

அடுத்த அடி கொரோனா. 2020 டிசம்பரில் மெக்சிகோ நகரத்தில் ஓட்டல்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட மறுபடியும் தடை. பார்சல் மட்டும்தான். ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடிக்க முடியவில்லை. 2021 ஜனவரியில் ஓட்டல்காரர்களும் சிப்பந்திகளும் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 'திறக்கிறோம், இல்லையேல் சாகிறோம்' என்பதுதான் அவர்கள் கோஷம். கடைசியில் அரசு இறங்கிவந்து, வெளியே காற்றோட்டமாக மேசை போட அனுமதித்தது.

மாமூல் கேட்கும் கூட்டம்

நான் போலீஸ் செய்தி எழுதுகிறவன். இந்தக் கதையிலும் அந்தப் பக்கம் உண்டு. 'தெரேச்சோ தே பீசோ' என்று ஒரு வசூல். 'கடை போட்ட தரைக்குப் பணம்' என்று பொருள். சுத்தத் தமிழில் ரவுடி மாமூல்! நாட்டின் பல இடங்களில் ரொட்டிக் கடை, சாப்பாட்டுக் கடை என்று தினமும் ரொக்கம் புழங்கும் இடமாகப் பார்த்துக் கும்பல்கள் மிரட்டிப் பிடுங்குகின்றன. கொடுத்தால் நஷ்டம். மறுத்தால் ஆபத்து. போலீசுக்குப் போகவும் பயம்.

2025 ஜூலையில்தான் மத்திய அரசு இதற்கென்று நாடு தழுவிய திட்டம் ஒன்றை அறிவித்தது. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க 089 என்ற போன் நம்பர் இருக்கிறது. மாமூல் கொடுக்கிற கடைக்காரர் அதை யார் தலையில் வைப்பார்? சாப்பாட்டு விலையில்தான்!

அழைத்தது யார்?

இனி வாடகைக்கு வருவோம். ரோமா, கொந்தேசா பேட்டைகள் சும்மா கிடைத்த சொர்க்கம் அல்ல. 1985 செப்டம்பர் 19-ந் தேதி பூகம்பத்தில் அடிபட்ட இடங்கள். அப்போது வசதி உள்ளவர்கள் பலர் காலி செய்துகொண்டு போனார்கள். 2017-ல் அதே செப்டம்பர் 19-ந் தேதி மறுபடியும் பூகம்பம், மறுபடியும் அடி! அப்போதும் நகராமல் இருந்தவர்களும், மெஸ்ஸும் மளிகைக் கடையும் நடத்தியவர்களும்தான் அந்தத் தெருக்களுக்கு உயிர் கொடுத்தார்கள்.

கொரோனாவுக்குப் பின்னால் கதை மாறியது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம் என்றானதும், அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார்கள். விசா இல்லாமலே 180 நாள் வரை தங்கலாம். சம்பளம் டாலரில், செலவு பெசோவில். வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். மாத வாடகைக்குக் குடித்தனம் வைப்பதைவிட, ஏர்பிஎன்பி மூலம் நாள் வாடகைக்கு விட்டால் கொழுத்த லாபம்!

இப்படி வாருங்கள் என்று அழைத்ததும் அரசாங்கமே. 2022 அக்டோபரில் ஏர்பிஎன்பியோடு கைகோத்து, வெளியூர் கம்ப்யூட்டர் வேலைக்காரர்களை இழுக்க ஒப்பந்தம் போட்டவர் அப்போதைய நகரத் தலைவர் கிளாடியா ஷைன்பாம். இன்று நாட்டுக்கே அதிபர். 2025 ஊர்வலத்தில் அந்நியர் மேல் காட்டிய வெறுப்பைக் கண்டித்தவரும் அவரே. கண்டித்தது நியாயம்தான். வாடகைக்கு வந்தவனை அடித்து என்ன பயன்? ஏற்றியவன் உள்ளூர் வீட்டுக்காரன் ஆயிற்றே!

சட்டம் இல்லாமலும் இல்லை. 2024-ல் நகர சபை, பழைய வருஷ விலைவாசி ஏற்றத்துக்கு மேல் வீட்டு வாடகையை ஏற்றக்கூடாது என்றது. நாள் வாடகை வீடுகளை வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் விடக்கூடாது என்றும் சொன்னது. ஊர்வலம் நடந்த 12-ம் நாள், நகரத் தலைவர் கிளாரா புருகாடா 14 அம்சத் திட்டம் வெளியிட்டார். நியாய வாடகைக்கு ஓர் அட்டவணை, குடித்தனக்காரர் உரிமைக்கு ஓர் அலுவலகம் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் அந்த வாடகை உச்சவரம்பு குடியிருக்கும் வீட்டுக்கு. மெஸ் நடக்கும் கடைக்கு அல்ல! கடை வாடகை இரண்டு மடங்கு என்று சொன்னால், மெஸ்காரம்மா கொடுக்க வேண்டும், இல்லையேல் ஷட்டரை இறக்க வேண்டும். அந்த இடத்தில் காப்பி கடை வரும். காப்பி விலையில் முன்பு ஒரு முழுச் சாப்பாடே சாப்பிட்டிருக்கலாம்.

நாற்காலி இல்லாத கடைக்கு நட்சத்திரம்

சின்னக் கடை என்றால் இளக்காரம் வேண்டாம். சான் ரஃபேல் பேட்டையில் 'எல் கலீஃபா தே லியோன்' என்று ஒரு டாக்கோ கடை. 1968 முதல் நடக்கிறது. கடை மொத்தமே பத்தடிக்குப் பத்தடி. உட்கார நாற்காலி கிடையாது. விற்பது நாலே வகை டாக்கோ. 2024 மே மாதம் உலகப் புகழ் மிஷெலின் நிறுவனம் அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது! சமையல்காரர் ஆர்துரோ ரிவேரா மார்த்தினெஸுக்கு மரியாதையாக வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்புச் சூடு அப்படி! மாவும் உப்பும் எலுமிச்சையும் நல்ல கறியும் தவிர அங்கே வேறு ஜாலம் இல்லை.

நட்சத்திரம் வந்ததும் வெளிநாட்டு விருந்தாளிகள் தெருவில் வரிசை கட்டினார்கள். பெருமைதான். ஆனால் அப்போது அங்கே ஒரு டாக்கோ கிட்டத்தட்ட 5 டாலர். அந்தக் காசுக்குப் பக்கத்துத் தெரு ஃபோண்டாவில் சூப் முதல் பால் சோறு வரை முடித்து, புளித் தண்ணீரும் குடித்துவிட்டு ஏப்பம் விடலாம்.

விருந்தாளி வரட்டும், ஆசையாகச் சாப்பிடட்டும். பச்சைக் கிண்ணத்தைத் தொட்டுக் கண்ணீர் விடட்டும்! அடுத்த தடவை பழகிவிடும். அவருக்காகக் காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. குறைக்க வேண்டியது கடை வாடகையை.

அது நடக்காவிட்டால் பேட்டையில் கட்டடம் இருக்கும், மரம் இருக்கும், காப்பி கடை இருக்கும். பகல் 2 மணிக்குப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார்!